கேட் டொக்டரின் ஒற்றைக் கட்டில் வாட்டு

கதவை மூடுவதற்கென்றே பிறந்த மனிதர் ஊவா மாகாணத்தில் ஒரே ஒருவர்தான். என் தலையெழுத்து, அவர் எங்கள் பக்கத்து வீட்டில் இருக்கிறார். கதவு என்பது ஆட்கள் உள்ளே போகவும் வெளியே வரவும் உண்டானது என்று நீங்களும் நானும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவருக்கு அந்த நினைப்பு ஒருநாளும் வந்ததில்லை. அவரைப் பொறுத்தவரை கதவு என்பது மனுஷனை வெளியே நிறுத்திவைக்க அரசாங்கம் செய்து கொடுத்த ஏற்பாடு.

அவருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாரும் அதைக் கேள்விப்பட்டதில்லை. டவுன் ஆஸ்பத்திரி ஒன்றின் கேட்டில் காவலாளியாக நின்று, அங்கேயே தலை நரைத்து, பென்ஷனோடு எங்கள் தோட்டத்துக்குத் திரும்பி வந்தவர். பதுளையிலிருந்து பசறைக்குப் போகிற ரோட்டில் இறங்கி மேலே ஏறினால் எங்கள் தோட்டம். வந்த வாரத்திலேயே கேட் டொக்டர் என்று பெயர் விழுந்துவிட்டது. கேட்டில் நின்றவர் எப்படி டொக்டர் ஆனார் என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், மார்பை நிமிர்த்திக்கொள்வார்.

"டொக்டர்மாரு வருவாங்க, மாறிப் போவாங்க. நான் மாறல. அப்ப ஆஸ்பத்திரியப் பத்தி யாருக்கு அதிகமாத் தெரியும்?"

உண்மையில் வைத்தியத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஆள் பார்க்கிற நேரம் பகல் பன்னிரண்டிலிருந்து ஒன்று, பின்னேரம் ஐந்திலிருந்து ஆறு. ஒரு நோயாளியை ஒரு நேரத்தில் ஒருவர்தான் பார்க்கலாம். பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு உள்ளே அனுமதி இல்லை. இதற்கு மேல் ஏதாவது கேட்டால், "ஒரு ட்ரிப் ஏத்தினா சரியாப் போயிரும்" என்பார். தலைவலிக்கும் ட்ரிப், மூட்டுவலிக்கும் ட்ரிப். ஒருமுறை எங்கள் பஸ் மலையேற முடியாமல் நின்றபோது இறங்கிப் போய் டயரைத் தட்டிப் பார்த்துவிட்டு அதையேதான் சொன்னார்.

காக்கிச் சட்டையை அவர் விடவில்லை, விசிலையும் விடவில்லை. கேட் மட்டும்தான் இல்லை. அதனால் எங்கே கதவைக் கண்டாலும் போய் நின்றுகொள்வார். கீழ் லயத்து வீட்டு வரிசையில் ஒரு பெரியவர் இறந்தபோது நடந்ததை இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். கேட் டொக்டர் சாவு வீட்டு வாசலைக் கைப்பற்றிவிட்டார்.

"ரெண்டு ரெண்டு பேரா போங்க. அஞ்சு நிமிசந்தான். அழுறவங்க வெளிய வந்து அழுங்க."

இறந்தவரின் தம்பி வெலிமடையிலிருந்து மரக்கறி லொறியில் ஏறி அவசரமாக வந்திறங்கினார். வந்தவரை கேட் டொக்டர் கையை நீட்டி மறித்தார்.

"நோயாளிக்கு நீங்க என்ன முறை?"

"நோயாளியா? எங்கண்ணன் செத்துட்டாருய்யா."

"அப்ப எதுக்கு அவசரம்? வரிசையில வாங்க."

கேட் டொக்டரின் மனைவி பண்டாரவளையில் மகள் வீட்டோடு போய் இருந்துவிட்டாள். வருஷத்துக்கு ஒருமுறை வந்து இவரைப் பார்த்துவிட்டுப் போவாள். ஏன் இங்கே இருப்பதில்லை என்று அம்மா ஒருமுறை கேட்டதற்கு, மகள் வீட்டில் குசினிக்குள் போய்ச் சமைக்க யாரிடமும் கேட்க வேண்டியதில்லை என்று சொன்னாளாம். நான் அந்த அம்மாளுக்குக் கோயில் கட்டத் தயார்.

இப்படிப்பட்ட மனிதரிடம் எங்கள் கோழி போய் மாட்டியது.

என் அம்மா மலையில் கொழுந்து பறித்தே வயதைக் கழித்தவள். தோட்ட வேலையிலிருந்து பெயர் வெட்டிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்த பிறகு அவள் கைகளுக்கு வேலை இல்லாமல் போனது. அதற்காகக் கோழி வளர்க்கத் தொடங்கினாள். அதில் ஒன்று சிலுப்பி. பெயருக்கு ஏற்றபடி எந்நேரமும் இறகைச் சிலுப்பிக்கொண்டு சண்டைக்கு நிற்கிற சாம்பல் கோழி. என்னைக் கண்டால் அதற்கு ஆகாது. பாடசாலைக்குச் சேலை கட்டிப் புறப்படுகிற நேரம் பார்த்துக் காலைக் கொத்தும். அம்மாவிடம் மட்டும் மடியில் ஏறிப் படுத்துக்கொள்ளும். நான் பாடசாலைக்குப் போய்விட்டால் அம்மா அதனோடுதான் பேசிக்கொண்டிருப்பாள். அதை எனக்கு அவள் சொன்னதில்லை, பக்கத்து வீட்டார் சொல்லித்தான் தெரியும்.

சிலுப்பி குஞ்சு பொரித்துச் சில நாள்தான் ஆகியிருந்தது. நான் பாடசாலை விட்டு வந்து செருப்பைக் கழற்றுகிறேன், பின்பக்கம் பீன்ஸ் பாத்தியில் ஒரே களேபரம். கீரி ஒன்று வந்து குஞ்சுகளுக்குக் குறிவைத்திருக்கிறது. வேறு கோழியாக இருந்தால் ஓடிப் போய்க் கூரையில் ஏறியிருக்கும். இது குறுக்கே நின்று மல்லுக்கட்டியிருக்கிறது. அம்மா விறகுக் கட்டையோடு போய்ச் சேர்ந்தபோது கீரி வேலிக்குள் நுழைந்து மறைந்தது. குஞ்சுகள் கொடிக்குள் ஒளிந்திருந்தன. சிலுப்பி மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. சிறகுக்குக் கீழே தோல் கிழிந்து சதை தெரிந்தது.

கால்நடை வைத்தியர் அலுவலகத்துக்கு போன் எடுத்தேன். மூடப் போகிற நேரம். அடுத்த நாள் போயா விடுமுறை, அதையொட்டிச் சனி ஞாயிறு. போனை எடுத்தவர் நல்ல மனிதர், பொறுமையாகச் சொன்னார். கொதித்து ஆறிய நீரில் உப்புப் போட்டுக் கழுவ வேண்டும். காயத்தைச் சுற்றி இறகை நறுக்கிவிட வேண்டும். ஈ மொய்த்தால் புழு வைத்துவிடும், கவனம். குளிர் படாத, வெளிச்சம் குறைந்த இடத்தில் தனியே வைக்க வேண்டும். ரத்தத்தைக் கண்டால் மற்றக் கோழிகளே கொத்திவிடும். சீனித் தண்ணீர் கொடுங்கள், மருந்துக் கடையில் காயத்துக்குப் பூச இன்ன மருந்து கேளுங்கள், ஆறாவிட்டால் திங்கட்கிழமை கொண்டுவாருங்கள் என்றார்.

அம்மா பிடித்துக்கொள்ள நான் கழுவினேன். என்னைக் கொத்தியே பழகிய கோழி என் கையில் கழுத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கிடந்தது. அம்மா அதன் தலையை உள்ளங்கையில் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

அந்த நேரத்தில் குசினி வாசலில் விசில் சத்தம் கேட்டது.

"என்ன கேஸ்?"

அதற்குள் வேடிக்கை பார்க்கச் சனம் கூடியிருந்தது. கேட் டொக்டர் நிமிஷத்தில் அத்தனை பேரையும் முற்றத்துக்குத் தள்ளிவிட்டார். அன்றைக்கு அவர் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான். பிறகு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கோழியைச் சுற்றி வந்தார்.

"தனி வாட்டுல போடணும் தங்கச்சி. எங்க பின் காம்பரா சும்மாதான் கெடக்கு. அட்மிட் பண்ணிருவோம்."

வேண்டவே வேண்டாம் என்று நான் அம்மாவிடம் தனியாகச் சொன்னேன். அம்மா கேட்கவில்லை. கீரி வழி கண்டுவிட்டது, திரும்பி வரும். எங்கள் கோழிக்கூட்டுக் கதவோ கயிற்றால் கட்டியது. வீட்டுக்குள் வைக்கலாம் என்றால் சேவல் எந்த நேரமும் குசினியில்தான் நிற்கும்.

"அந்த மனுசன் வீட்டுக்குள்ள கீரி என்ன, தோட்டத்து தொரையே போக ஏலாது. அங்க இருக்கட்டும்" என்றாள்.

சிலுப்பி அட்மிட் ஆனது. பின் அறையில் ஒரு பழைய மரப்பெட்டி, அதற்குள் சாக்கு, மேலே ஒரு பல்ப். காலில் பிளாஸ்டர் துண்டு ஒன்றைச் சுற்றி 'ஏழு' என்று எழுதிவைத்தார். ஒரே ஒரு நோயாளி இருக்கிற வாட்டில் மற்ற ஆறு கட்டில் எங்கே என்று கேட்டேன். "நெறஞ்சு போச்சு" என்றார்.

மருந்து வாங்கிக்கொண்டு மறுநாள் காலை போனேன். கதவில் இரண்டு கொண்டி, ஒரு பூட்டு. முன்னால் ஸ்டூல் போட்டு மனுஷன் உட்கார்ந்திருந்தார்.

"பன்னெண்டு மணிக்கு வாங்க டீச்சர்."

"மாமா, மருந்து பூசணும்."

"மருந்த நர்ஸ்கிட்ட குடுத்துட்டுப் போங்க."

"யாரு நர்ஸ்?"

"நாந்தான்" என்று கையை நீட்டினார்.

கோழியின் சொந்தக்காரர்கள் நாங்கள், எங்கள் கோழியைப் பார்க்க நேரம் கேட்டு நிற்கிறோம். பன்னிரண்டு மணிக்குப் போனால் அம்மாவை மட்டும் உள்ளே விட்டார், நான் வெளியே. அம்மா வந்த பிறகுதான் நான் போய் மருந்து பூசலாம். ஒருவர் கோழியைப் பிடிக்காமல் இன்னொருவர் எப்படிப் பூசுவது என்று சத்தம் போட்டதும், "சரி, ஒருத்தர் அட்டெண்டன்ட்" என்று ஒத்துக்கொண்டார்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். டொக்டர் ரவுண்டைத்தான் பொறுக்க முடியவில்லை. காலை ஒன்பது மணிக்கு டொக்டர் ரவுண்ட் வருகிற நேரமாம். ரவுண்ட் நேரத்தில் வாட்டுக்குள் வெளியாட்கள் யாரும் இருக்கக் கூடாது. ஆகவே இவரே வெளியே வந்து, கதவைச் சாத்தி, விறைப்பாக நின்றுகொள்வார். வீட்டில் இருப்பது இவர் ஒருவர். இவரும் வெளியே.

"அப்ப உள்ள யாரு மாமா ரவுண்ட் போறது?"

"சத்தம் போடாதீங்க" என்றார்.

படிப்பிக்கிற வேலையில் பலவிதமான மூடத்தனத்தைப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு ஒழுங்கான மூடத்தனத்தைப் பார்த்ததில்லை.

காயம் ஆறத்தான் தொடங்கியது. சீழ் இல்லை, புழு இல்லை. ஆனால் சிலுப்பி சாப்பிடவில்லை. அரிசிக் குருணை வைத்தோம், அவித்த முட்டையை உதிர்த்து வைத்தோம், திரும்பியும் பார்க்கவில்லை. சீனித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக வாயில் விட்டால் பாதி வெளியே வழிந்தது. பெட்டியின் மூலையில் முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இந்தப் பக்கம் எங்கள் வீட்டில் அட்டைப்பெட்டிக்குள் குஞ்சுகள். பல்ப் போட்டோம், பழைய ஸ்வெட்டரைச் சுற்றினோம். என்னதான் இருந்தாலும் தாயின் சூடு ஆகுமா? எங்கள் மலைப் பனிக்கு ஒரு குஞ்சு விறைத்துச் செத்துப் போனது. அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

பிறகு எழுந்து அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு நடந்தாள். நானும் பின்னால் போனேன். பன்னிரண்டு மணிக்கு இன்னும் நேரம் இருந்தது.

"அண்ணே, இதுகள ஒரு தடவ உள்ள விடுங்க. அது புள்ளைங்களத்தான் தேடுது. பாத்தா எந்திரிச்சிரும்."

கேட் டொக்டர் ஸ்டூலில் இருந்தபடியே பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"இதுகளுக்கு என்ன வயசு?"

"வயசா? இப்பத்தானே பொரிச்சிச்சு."

"பன்னெண்டு வயசுக்குக் கொறஞ்சதுகள வாட்டுக்குள்ள விட ஏலாது தங்கச்சி."

"பன்னெண்டு வயசுல எங்கண்ணே கோழி இருக்கு?"

"அது எனக்குத் தெரியாது. சட்டம் அப்புடி."

அதோடு என் பொறுமை போய்விட்டது. அந்தச் சட்டம் எனக்குப் புதிதில்லை. நான் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது அப்பா உரமூட்டையோடு மலையில் சறுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போனாள். கேட்டில் இதே மனிதர், அப்போது மீசை கறுப்பு. அம்மாவை உள்ளே விட்டார். என்னை நிறுத்திவிட்டார். இத்தனை வருஷம் பக்கத்து வீட்டில் இருந்தும் அதை நான் அவரிடம் சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னேன்.

"அந்த ஒரு மணித்தியாலமும் ஒங்க முதுகத்தான் பாத்துக்கிட்டு நின்னேன் மாமா. எங்கப்பா செத்துட்டாருன்னு நெனச்சுக்கிட்டு நின்னேன். உசுரோட இருந்தா என்னப் பாக்க விட்டிருப்பாங்கதானே. எட்டு வயசுப் புள்ளைக்கு அப்புடித்தான் தோணும்."

அவர் யோசித்தார். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நன்றாகவே யோசித்தார்.

"எட்டு வயசா?"

"ஆமா."

"எட்டுன்னா விட்டிருக்க ஏலாதுதான்" என்றார்.

இதற்கு மேல் இவரோடு பேசினால் என் புத்திதான் கெடும் என்று அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு திரும்பினேன். கோழி செத்தாலும் பரவாயில்லை, பூட்டை உடைத்தாவது தூக்கிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்று இருந்தது. நாலடி போயிருப்போம், பின்னால் கூப்பிட்டார்.

"டீச்சர். ஒங்கள ஞாபகம் இல்ல. பொய் சொல்லப்படாது." ஸ்டூலை விட்டு எழுந்து நின்றிருந்தார். "தெனம் அப்புடிப் புள்ளைங்க நிக்கும். மொகத்தப் பாத்தா விட்டுருவேன். ஒண்ண விட்டா அத்தனையையும் விடணும், பெறகு எனக்கு வேல இருக்காது. அதுக்குத்தான் முதுகக் காட்டிக்கிட்டு நிப்பேன்."

அவர் பூட்டைத் திறந்தார், இரண்டு கொண்டியையும் எடுத்தார். கதவை அகலத் தள்ளிவிட்டு, தேயிலை மலையைப் பார்த்தபடி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"நான் அந்தப் பக்கம் பாத்துக்கிட்டு நிக்கிறேன். உள்ள யாரு போறா, என்ன வயசு, ஒண்ணும் எனக்குத் தெரியாது."

அம்மா குஞ்சுகளைப் பெட்டிக்குள் இறக்கினாள். கீச்சுச் சத்தத்துக்குச் சிலுப்பி மூலையிலிருந்து தலையைத் திருப்பியது. குஞ்சுகள் போட்டி போட்டுக்கொண்டு நல்ல சிறகுக்குக் கீழே நுழைந்தன. ஒன்று முதுகில் ஏறிக் காயத்தை மிதித்தது, அது அசையவில்லை. சற்று நேரத்தில் தொண்டைக்குள் மெதுவாகக் கொக்கரித்தது. குருணையைக் கொத்தி எடுத்துக் குஞ்சுகளுக்கு முன்னால் போட்டது. போட்டுப் போட்டுக் கடைசியில் தானும் ஒரு வாய் விழுங்கியது. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"சாப்புடுதா?" வெளியிலிருந்து கேட்டார், திரும்பாமலே.

"சாப்புடுது அண்ணே."

"சத்தம் போடாம பாத்துட்டு வாங்க" என்றார்.

குஞ்சுகள் அங்கேயே தங்கின. சட்டத்தை எப்படிச் சமாளித்தார் என்று கேட்டால், அவை பார்க்க வந்தவை அல்லவாம், அவையும் அட்மிட் ஆனவையாம். காயம் ஆறிப் பக்கு விழுந்ததும் டிஸ்சார்ஜ் நடந்தது. அம்மாவை உட்காரவைத்து அறிவுரை சொன்னார். ஒரு மாதத்துக்குக் கோழி பாரம் தூக்கக் கூடாது, படி ஏறக் கூடாது, உப்பைக் குறைக்க வேண்டும். அம்மா பயபக்தியோடு தலையாட்டினாள். காலில் இருந்த ஏழாம் நம்பரை வெட்டும்போது சிலுப்பி அவர் விரலை நன்றாக ஒரு கொத்துக் கொத்தியது. அந்தக் கோழிக்கு ஆளைத் தெரியும் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

சிறகுக்குக் கீழே இப்போதும் அதற்கு இறகு முளைக்கவில்லை, வழுக்கை. மற்றபடி சண்டைக்குக் குறைவில்லை.

தொல்லை முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. கேட் டொக்டர் தினமும் பின்னேரம் எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினார். நோயாளியைப் பார்க்கப் போகிறவர்களைப் போலக் கையில் ஒரு பை, அதற்குள் வாழைப்பழம் அல்லது இரண்டு பிஸ்கட். வந்தவர் உள்ளே வரமாட்டார். வேலிக்கு வெளியே நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஐந்து ஆகாமல் காலெடுத்து வைக்கமாட்டார்.

"மழ வருது, உள்ள வாங்கண்ணே" என்பாள் அம்மா.

"நேரம் ஆகல தங்கச்சி."

சிலுப்பி குஞ்சுகளோடு வேலிக்கு இந்தப் பக்கம் வந்து நிற்கும். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும். கோழிக்கு இல்லாத புத்தி மனுஷனுக்காவது இருக்க வேண்டாமா? அது பிஸ்கட்டுக்குத்தான் நிற்கிறது என்பதைக்கூட இவரிடம் சொன்னால் நம்பமாட்டார். சொல்லிப் பார்த்தேன். "ஞாபகம் வச்சிருக்கு டீச்சர்" என்றார்.

போன வாரம் ஒருநாள் நாலு மணிக்கே வந்துவிட்டார். பனி இறங்கிக் கொண்டிருந்தது. காதில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு இருமிக்கொண்டு நின்றார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன், பாடசாலைக் கொப்பிகளைத் திருத்தினேன், மறுபடியும் பார்த்தேன். எழுந்து போய் வேலிக் கேட்டைத் திறந்தேன்.

"அஞ்சு மணியாச்சு மாமா. உள்ள வாங்க."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். சட்டைக் கையை இழுத்துக் கடிகாரத்தை மூடிக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். சிலுப்பி பையைக் கொத்தத் தொடங்கியது. அம்மா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள்.

"ஆறு மணியானா சொல்லுங்க டீச்சர், போயிருவேன்."

ஆறு மணி வந்தது, போனது. நான் சொல்லவில்லை.